மெட்ரிகுலேஷன் தேறாதவர் திறந்த பள்ளிகள்: கர்மவீரர் பாவுராவ் பாட்டீலின் வாழ்க்கை

புனே:

புனே மாநகரின் வடகிழக்கே, ஆளந்தி சாலையில் அமைந்துள்ள பகுதி விஷ்ராந்த்வாடி. மகாராஷ்டிர அரசின் சமூக நீதித் துறை அலுவலகங்கள் இயங்கும் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் சமூக நீதி பவன் இங்குதான் உள்ளது. விடுதியில் இடம் கோரியும் உதவித்தொகை கோரியும் பட்டியலின மாணவர்கள் அளிக்கும் விண்ணப்பங்கள் இத்துறையின் வழியாகவே முடிவு செய்யப்படுகின்றன. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அரசு விடுதியில் இடம் கிடைக்காத மாணவருக்கு உணவு, தங்குமிடம், இதர செலவு ஆகியவற்றுக்காக மாநில அரசு அம்பேத்கர் பெயரிலான சுவாதார் திட்டத்தின்கீழ் பணம் வழங்குகிறது. புனே போன்ற பெருநகரங்களில் அத்தொகை ஆண்டுக்கு 60,000 ரூபாய்.

இத்திட்டத்தின் பெரும்பங்கு சோற்றுக்கும் கூரைக்கும் உரியது. ஏழை வீட்டுப் பிள்ளை படிப்பை இடையில் விடுவதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணம் என்பதை அரசுகள் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டு, தம் வீட்டு அடுப்பிலிருந்தே விடையைத் தொடங்கியவர் ஒருவர் இதே மேற்கு மகாராஷ்டிரத்தில் வாழ்ந்தார். மக்கள் அவருக்குக் கர்மவீரர் என்ற பட்டம் தந்தனர். அவர் பெயர் பாவுராவ் பாட்டீல்.

விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவர்

பாவுராவ் 1887 செப்டம்பர் 22 அன்று கோலாப்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த கும்போஜ் என்ற ஊரில் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாய்கோண்டா அரசுப் பணியில் இருந்தவர், தாய் கங்காபாய். குடும்பம் உழவுத் தொழிலோடு தொடர்புடையது. சிறுவயதிலேயே, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட கிணறு ஒன்றின் இராட்டினத்தை அவர் உடைத்தெறிந்தார் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிறுவர்களைப் பற்றிப் பின்னாளில் புனையப்படும் கதைகளின் சாயல் இதில் இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்தது அப்படிப்பட்டதன்று.

உயர்நிலைக் கல்விக்காகக் கோலாப்பூர் சென்ற பாவுராவ், ராஜாராம் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து சமண மாணவர் விடுதியில் தங்கினார். அக்காலக் கோலாப்பூரை ஆண்டவர் சாகு மகாராஜ். பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பணிகளில் பாதி இடங்களை 1902-ல் ஒதுக்கிய மன்னர் அவர். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி மாணவர் விடுதிகள் எழ அவர் துணைநின்றார். தீண்டத்தகாத சமூகத்து மாணவர்களுக்காக 1908-ல் மிஸ் கிளார்க் விடுதி திறக்கப்பட்டது. அத்திறப்பு விழாவுக்குப் பாவுராவ் சென்று திரும்பினார். உள்ளே நுழையுமுன் குளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று அவர் தங்கியிருந்த விடுதியில் கூறப்பட்டது. அவர் மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

இச்செய்தியை அறிந்த சாகு மகாராஜ் அம்மாணவருக்கு அரண்மனையில் இடம் தந்தார். மன்னரின் அருகில் வாழும் வாய்ப்புக் கிடைத்தபோதிலும் பாவுராவின் படிப்பு முன்னேறவில்லை. மற்போரிலும் விளையாட்டிலும் காட்டிய ஆர்வத்தைப் பாடங்களில் அவர் காட்டவில்லை. மெட்ரிகுலேஷன் தேறாமலேயே அவருடைய பள்ளி வாழ்க்கை முடிந்தது. பின்னாளில் நூற்றுக்கணக்கான பள்ளிகளைத் திறந்தவர் இடைநின்ற மாணவராகவே தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. தங்குமிடம் பறிபோனால் ஒரு மாணவன் என்னாவான் என்பதையும் அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

சிறையும் விற்பனைப் பயணமும்

1914-ல் கோலாப்பூரில் மன்னர் ஏழாம் எட்வர்டின் சிலை மீது தார் பூசப்பட்டது. கல்வியாளரும் சமணத் தலைவருமான அண்ணாசாகேப் லட்டே மீது ஐயம் எழுந்தது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு பாவுராவ் கைது செய்யப்பட்டு வற்புறுத்தப்பட்டார். பாவுராவ் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட காலத்தில் அவ்விடுதியின் பொறுப்பில் இருந்தவர் லட்டேதான். பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பு அது. ஆனால் பாவுராவ் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்தார். காவலில் நேர்ந்த துன்பம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவரிடமிருந்து பொய்ச்சாட்சி மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கு முன்னும் பின்னும் பிழைப்புக்காக அவர் பல வேலைகளைச் செய்தார். சத்தாராவில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் நடத்தியதால் பாட்டீல் மாஸ்தர் என்று அழைக்கப்பட்டார். ஓகலே கண்ணாடித் தொழிற்சாலையின் விளக்குகளை விற்றார். கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். சத்தாராவில் தன்ஜிஷா கூப்பர் தொடங்கிய தொழிற்சாலையின் வளர்ச்சியிலும் பங்கெடுத்தார். இலாபத்தில் ஒரு பகுதி கல்விக்குப் பயன்படும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அந்த ஏற்பாடு நிலைக்காததால் விலகினார்.

கலப்பை விற்கச் சென்ற பயணங்களே அவருக்குக் கிராமங்களைக் காட்டின. உழவர் வீட்டுப் பிள்ளைகளில் ஊர்ப் பள்ளியின் நான்காம் வகுப்பைத் தாண்டியவர் சிலரே. உயர்நிலைப் பள்ளி இருந்தது நகரத்தில். நகரத்தில் தங்கச் சாதி பார்க்காத இடம் இல்லை. இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பணம் இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் வயலில் நின்றால் வீட்டுக்கு ஒரு கை கூடும். பள்ளிக்குச் சென்றால் ஒரு செலவு கூடும். இந்த எளிய கணக்கை மாற்றாமல் கல்வியின் பெருமையைப் பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

காலே கிராமத்தில் ஒரு தொடக்கம்

மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் புனேயில் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் கருத்துகள் பாவுராவை ஆட்கொண்டிருந்தன. கராட் அருகிலுள்ள காலே கிராமத்தில் 1919-ல் கூடிய சத்தியசோதக் மாநாட்டில், உழைக்கும் மக்களின் கல்விக்காக ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ரயத் சிக்ஷண் சன்ஸ்தா தொடங்கப்பட்டது. ரயத் என்ற சொல் தமிழ்நாட்டில் ரயத்துவாரி என்ற நிலவரி முறையின் பெயரால் அறிமுகமானது. குடியானவர் என்பது அதன் பொருள். பெயரிலேயே அமைப்பு யாருக்கானது என்பது தெளிவாயிற்று. ஆலமரம் அதன் சின்னமாயிற்று.

1924-ல் அமைப்பின் தலைமையிடம் சத்தாராவுக்கு மாறியது. அங்கே பாவுராவ் முதலில் திறந்தது மாணவர் விடுதி. அப்போது மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தனர். சாகு மகாராஜின் முன்மாதிரி அவருக்கு உதவியது உண்மை. ஆயினும் ஒரு முக்கியமான இடத்தில் அவர் தம் ஆசானிடமிருந்து விலகினார். கோலாப்பூரில் விடுதிகள் சமூகவாரியாகப் பிரிந்திருந்தன. சத்தாராவில் மராத்தா, மகார், மாங், சமணர், முஸ்லிம் எனப் பல பிரிவுப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கினர். ஒரே பாத்திரத்தில் சமைத்ததைப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்டனர். தண்ணீர் எடுப்பது, மாவரைப்பது, சமைப்பது, துப்புரவு செய்வது ஆகிய எல்லா வேலைகளும் மாணவர்களுக்குள் சுற்றில் வந்தன. 1927-ல் சத்தாரா வந்த காந்தியடிகள் இவ்விடுதியைக் கண்டு மகிழ்ந்தார். அவர் கையால் அதற்குச் சத்ரபதி சாகு விடுதி என்ற பெயர் சூட்டப்பட்டது.

இலட்சுமிபாயின் நகைகள்

விடுதியின் வரலாற்றில் பாவுராவின் துணைவியார் இலட்சுமிபாயின் பங்கைத் தனியே கூற வேண்டும். ஆசாரம் மிகுந்த சமணக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தம் சமையலறைக்குள் வருவதைத் தொடக்கத்தில் அவரால் எளிதாக ஏற்க இயலவில்லை. காலப்போக்கில் அப்பிள்ளைகளுக்கு அவரே தாயானார். நோயுற்றவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும் புதிதாக வந்து அழும் சிறுவனைத் தேற்றுவதும் அவர் பொறுப்பாயின.

விடுதிக்கு நிலையான வருமானம் இல்லை. தானியம் தீர்ந்த நாட்களில் இலட்சுமிபாயின் நகைகள் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனைக்குச் சென்றன. கடைசியில் எஞ்சியது மங்கலசூத்திரம். பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நிலை வந்தபோது அதையும் அவர் கழற்றிக் கொடுத்தார். 1930-ல் அவர் மறைந்தார். பாவுராவைப் பற்றி எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தியாகத்தின் உச்சமாகப் போற்றுவது வழக்கம். அது தியாகமே. அதே வேளையில், ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து எடுக்கப்பட்ட பொன்னைக் கொண்டு மாணவர்களின் உணவுச் செலவு ஈடுகட்டப்பட்டது என்பது அன்றைய அரசும் சமூகமும் எங்கே இருந்தன என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

எரவாடா உடன்படிக்கையும் புனே விடுதியும்

விஷ்ராந்த்வாடியை அடுத்துள்ளது எரவாடா. அங்குள்ள மத்தியச் சிறையில் 1932 செப்டம்பரில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கும் பிரிட்டிஷ் அரசின் தீர்ப்பை எதிர்த்து நடந்த நோன்பு அது. செப்டம்பர் 24 அன்று அம்பேத்கருக்கும் சாதி இந்துத் தலைவர்களுக்கும் இடையே புனே உடன்படிக்கை கையெழுத்தானது. தமிழகத்திலிருந்து இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, ராஜாஜி ஆகியோரும் அதில் கையொப்பமிட்டனர்.

அந்த உடன்படிக்கையில் இடஒதுக்கீட்டுத் தொகுதிகளின் எண்ணிக்கையே இன்றுவரை பேசப்படுகிறது. அதன் கடைசிப் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான நிதியிலிருந்து போதிய தொகை தாழ்த்தப்பட்ட மக்களின் கல்வி வசதிகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்பது அப்பிரிவு. அரசியல் உரிமையைப் பயன்படுத்தப் படித்த தலைமுறை வேண்டும் என்பதை அங்கிருந்தோர் உணர்ந்திருந்தனர்.

பாவுராவ் அந்த உடன்படிக்கையின் நினைவாக அதே 1932-ல் புனே நகரில் யூனியன் விடுதியைத் தொடங்கினார். யூனியன் என்பது இங்கு ஒற்றுமை என்ற பொருளில் அமைந்தது. கல்லூரிகள் நிறைந்த புனேயில் கிராமத்து ஏழை மாணவர் தங்கிப் படிக்க ஓர் இடம் இவ்வாறு உருவாயிற்று. உடன்படிக்கையின் கடைசிப் பிரிவு தாளில் இருந்தது. அதற்கு ஒரு சமையலறையும் படுக்கப் பாயும் கொடுத்தவர்களில் பாவுராவ் ஒருவர்.

தமிழகத்திலும் இதே சிந்தனை வேறொரு வடிவில் தோன்றியிருந்தது. சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கப்பட்டது. காமராஜர் ஆட்சியில் அது மாநிலம் தழுவிய திட்டமாக விரிந்தது. சென்னையில் அதை நகராட்சியும் பின்னர் அரசும் செய்தன. சத்தாராவில் ஒரு தனிமனிதர் வீடு வீடாகத் தானியம் கேட்டுத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி தானியத்தை எடுத்து வைத்து விடுதிக்குத் தரும் வழக்கமும் இவ்வமைப்புக்கு உதவியது.

உழைத்துப் படிக்கும் திட்டம்

விடுதியில் இடம் கிடைத்தாலும் பள்ளிக் கட்டணம் இருந்தது. எனவே 1940-ல் சத்தாராவில் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. கட்டணமின்றி, தங்கிப் படிக்கும் வசதியோடு, மாணவரின் சொந்த உழைப்பை அடிப்படையாகக் கொண்டு இயங்கிய பள்ளி அது. மாணவர்கள் நாள்தோறும் சில மணி நேரம் வயலிலும் கட்டுமானத்திலும் வேலை செய்து தம் செலவை ஈட்டினர். மராத்தியில் கமவா வ சிக்கா என்று அழைக்கப்படும் உழைத்துப் படிக்கும் திட்டம் இவ்வாறு வேரூன்றியது. 1947-ல் சத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரி தொடங்கப்பட்டபோது உயர்கல்விக்கும் இம்முறை விரிந்தது. இன்று பல இந்தியப் பல்கலைக்கழகங்களில் உள்ள பகுதிநேர வேலைத் திட்டங்களுக்கு இது முன்னோடிகளில் ஒன்று.

இத்திட்டத்தைக் குறையின்றிப் போற்றுவதற்கில்லை. வசதியுள்ள வீட்டு மாணவன் மாலையில் விளையாடும்போது, ஏழை மாணவன் மண்வெட்டி பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே தேர்வை எழுத இருவரிடமும் ஒரே அளவு நேரம் இல்லை. பாவுராவ் இதை வேறு விதமாகப் பார்த்தார். தானமாகப் பெறும் கல்வி மாணவனைக் கூனச் செய்யும். உழைத்துப் பெறும் கல்வி அவனை நிமிர்த்தும் என்பது அவர் நம்பிக்கை. படித்தபின் உடலுழைப்பை இழிவாகக் கருதும் மனநிலை வளராதிருக்கவும் இதுவே வழி என்று கருதினார். அரசின் பணம் வராத காலத்தில் அந்த மாணவனுக்கு வேறு வழியும் இருந்ததில்லை.

ஆசிரியர் இன்றிப் பள்ளி இல்லை என்பதால் 1935-ல் சத்தாராவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றை அவர் நிறுவினார். பெண் ஆசிரியர்களுக்கான ஜிஜாமாதா பயிற்சி நிலையம் 1942-ல் வந்தது. பள்ளியே இல்லாத மலையோரச் சிற்றூர்களில் 500-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை இவ்வமைப்பு நடத்தியது. கோயில் மண்டபமும் மரத்தடியும் அவற்றில் பலவற்றுக்கு வகுப்பறைகளாயின.

மானியம் நின்ற காலம்

காந்தியடிகளின் மறைவுக்குப் பின், அவர் பெயரால் 101 உயர்நிலைப் பள்ளிகளைத் திறக்கப் பாவுராவ் உறுதி பூண்டார். அதை அடுத்து எதிர்பாராத இடர் வந்தது. ஆட்சியாளர்களைக் குறித்து அவர் கடுமையாகப் பேசியதாகக் கூறப்பட்டதைத் தொடர்ந்து, பம்பாய் மாகாண அரசு ரயத் அமைப்புக்கான மானியத்தை நிறுத்தியது. பிரிட்டிஷ் ஆட்சியைத் தாண்டி வந்த விடுதிகள் சுதந்திர நாட்டின் அரசால் நெருக்கடிக்கு உள்ளாயின. ஆசிரியர்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர். கிராம மக்கள் தானியமும் பணமும் திரட்டித் தந்தனர். பத்திரிகைகள் வழியாக நன்கொடை கோரப்பட்டது. ஊர் ஊராகத் துடைப்பத்தோடு நடந்து தூய்மையையும் கல்வியையும் போதித்த துறவி காட்கே மகாராஜ், முதலமைச்சர் பி.ஜி.கேரிடம் நேரில் பரிந்து பேசினார். இறுதியில் மானியம் மீண்டும் வழங்கப்பட்டது. 1954-ல் கராட்டில் திறக்கப்பட்ட கல்லூரிக்குப் பாவுராவ் காட்கே மகாராஜின் பெயரையே வைத்தார்.

பணத்தட்டுப்பாடு இருந்த அக்காலத்தைப் பற்றி மேலும் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. சிவாஜி கல்லூரியின் பெயரை மாற்றினால் பெருந்தொகை தருவதாகச் செல்வர் ஒருவர் முன்வந்தார். தம் தந்தையின் பெயரை வேண்டுமானால் மாற்றிக்கொள்வதாகவும் கல்லூரியின் பெயரை மாற்ற இயலாது எனவும் கூறிப் பாவுராவ் அத்தொகையை மறுத்துவிட்டார்.

1959-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. மெட்ரிகுலேஷன் தேறாத அவருக்குப் புனே பல்கலைக்கழகம் அதே ஆண்டு கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. சில வாரங்களில், மே 9 அன்று அவர் புனேயில் காலமானார்.

பதின்ம வயதில் இன்றும் தொடரும் இடைநிற்றல்

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அந்த வயது முடியும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 புள்ளிவிவரப்படி, தொடக்க நிலையில் இடைநிற்றல் 1.5 விழுக்காடு, நடுநிலையில் 3 விழுக்காடு, ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் அது 12.6 விழுக்காடாக உயர்ந்தது. வேலைக்குச் சென்றால் கூலி கிடைக்கும் வயதும் அதுவே. பெண் பிள்ளைகளுக்குத் திருமணப் பேச்சு எழும் வயதும் அதுவே. சுவாதார் போன்ற திட்டங்களும் பதினோராம் வகுப்பை எட்டியவருக்கே பயன்படுகின்றன. அதற்கு முன் வழுக்கி விழுந்தவர் அந்த விண்ணப்பப் படிவம் வரை வருவதில்லை.

ரயத் சிக்ஷண் சன்ஸ்தா இன்று பள்ளிகள், கல்லூரிகள், விடுதிகள், பயிற்சி நிலையங்கள் என 700-க்கும் மேற்பட்ட கிளைகளோடு மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்தின் சில பகுதியிலும் இயங்குகிறது. அதன் தொடக்கக் கால விடுதிப் பிள்ளைகளில் ஒருவர் பி.ஜி.பாட்டீல். வறிய குடும்பத்திலிருந்து சத்தாரா விடுதிக்கு வந்து, அங்கேயே உண்டு, உழைத்து, படித்தார். பின்னர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். நாடு திரும்பியபின் சத்தாரா சிவாஜி கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்று, பிற்காலத்தில் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். குளிக்க மறுத்ததற்காகப் பாவுராவ் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதே கோலாப்பூர் நகரில்தான்.